அழகன் வாசித்த கப்பல் படம்

பேராதனை
12 மார்ச் 2000

இல்லை, பெரிய தொரை அந்த இடத்தில் சாகவில்லை. கதவு மூடுகிறது, விளக்கு அணைகிறது. அவ்வளவுதான். அடுத்த பகுதியில் கையில் கட்டோடு வருகிறார்.

அண்ணா, இந்த ஒரு பதிலுக்கு எனக்கு மூன்று சனிக்கிழமைகள் தேவைப்பட்டன. என் விடுதி அறையில் இருக்கும் ஹப்ஸாவின் வாப்பா ராசிக் ஹட்டனில் வீடியோ கடை வைத்திருக்கிறார். நாம் டீவியில் பார்த்த கப்பல் படத்தின் கடைசிப் பருவம் முழுவதும் அங்கே கிடைத்தது. நான்கு கசட், பதின்மூன்று பகுதி. வீட்டுக்கு வரும் சனிக்கிழமைகளில் ஹட்டனில் இறங்கி, அவர்கள் வீட்டில் ஒரு பகுதியோ இரண்டோ பார்த்துவிட்டு நோர்வூட் பஸ் எடுக்கிறேன்.

இந்தக் கசட்டில் அடியில் சிங்கள எழுத்து ஓடுவதில்லை. வெறும் இங்கிலீஷ். இப்போது எனக்குப் புரிகிறது. புரிவது கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. தொண்ணூற்றிரண்டில் வீரய்யா மாமாவின் ஒற்றை அறைக் காம்பிராவில் கார் பெட்டரியில் ஓடிய அந்தச் சின்னக் கறுப்பு வெள்ளை டீவியும், பக்கத்தில் நீங்கள் நின்றதும் ஞாபகம் வருகிறது. சிங்கள எழுத்தை வாசித்து வாசித்துத் தமிழில் சொல்வீர்கள். வரிசை வீடுகள் எல்லாம் கூடி லயமே வாயைத் திறந்துகொண்டு கேட்கும். கப்டனுக்குத் தோட்டத்து மனேஜரைப் போலப் பெரிய தொரை என்றும், இயந்திரம் பார்க்கும் பெண்ணுக்கு நம் கண்டாக்கையாவைப் போலக் கண்டாக்கம்மா என்றும் பெயர் வைத்தது யார் என்று நினைவில்லை. எல்லாரையும் வேலை வாங்குகிறாள் என்பதால் இருக்கும்.

முதல் பகுதியில் நீங்கள் சொன்ன அந்தச் சிரிப்பான இடத்தைக் காணவில்லை. வெட்டியிருப்பார்கள்.

உங்களை விடுதலை செய்யக் கேட்டு எழுதிய மனு போய்ச் சேர்ந்துவிட்டது. எண்பத்து மூன்று பேர். பாதிக்கு மேல் கைநாட்டு. நான்தான் எழுதினேன், வாசகத்தை வீரய்யா மாமா சொன்னார். குடிப்பழக்கம் இல்லாதவர், விதவைத் தாயைக் காப்பவர், சிங்களத்தைச் சரளமாக வாசித்துத் தோட்ட மக்களுக்கு விளக்குபவர். "சிங்களம் படிச்ச பயலா போயி ட்ரான்ஸ்போமருக்குக் குண்டு வப்பான்? அத மொதல்ல எழுது" என்றார். எனக்கும் அது சரியாகவே பட்டது.

உங்களைப் பிடித்துக்கொண்டு போய் நாலு மாதமாகிவிட்டது. அம்மா கொழுந்து பறிக்கப் போகிறாள். கேட்டால் நீங்கள் கொழும்பில் வேலை என்று சொல்கிறாள், தெரிந்தவர்களிடமே.

வடிவு


சிறைச்சாலை
2 ஏப்ரல் 2000

அன்புத் தங்கச்சி வடிவுக்கு,

உன் கடிதம் பதினாறு நாள் கழித்துக் கிடைத்தது. தமிழ்க் கடிதங்களை வாசித்து அனுப்ப இங்கே ஒரே ஒரு அதிகாரிதான் இருக்கிறார். அவருக்கும் கப்பல் படம் பிடித்திருக்க வேண்டும், ஒரு வரியும் அடிக்கவில்லை.

இந்தக் கூடத்தில் நாற்பத்தொரு பேர். பின்னேரச் சோற்றுக்குப் பிறகு கதவு பூட்டும் வரை வேலை இல்லை. நான் கப்பல் படம் சொல்கிறேன். மூன்று பருவமும் முடிந்து கடைசிக்கு வந்துவிட்டேன். கடைசிப் பருவம் எனக்குப் பாதி மறந்துவிட்டது, முடிவை நாம் பார்த்ததே இல்லை, அதனால்தான் உன்னைக் கேட்டேன். கொஞ்சம் கொஞ்சமாகவே எழுது. அவசரமில்லை.

லோயர் பரமலிங்கம் வந்தார். யாழ்ப்பாணத்தார், மெதுவாகப் பேசுகிறவர். வழக்கில் வேறு சாட்சி ஒன்றும் இல்லையாம். நான் கையெழுத்துப் போட்ட வாக்குமூலம் மட்டும்தானாம். அது சிங்களத்தில் டைப் அடித்தது. வீட்டுக்கு விடுகிற கடதாசி என்று சொல்லித்தான் அதை என் முன்னால் வைத்தார்கள். லோயர் கேட்டார், "தம்பி, சிங்களம் கதைப்பீர், சரி. வாசிப்பீரோ?" வாசிக்க மாட்டேன் என்றேன். "அப்ப அதுதான் எங்கட பிடி. என்ன எழுதியிருக்கெண்டு தெரியாமல் வச்ச கையெழுத்து. அந்தத் தாள் விழுந்தால் வழக்கே விழும்" என்று சந்தோஷப்பட்டார்.

பிறகு கோப்பைப் புரட்டினார். அரச தரப்பு சேர்த்திருந்த கடதாசிகளில் மனுவும் இருந்தது. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். இதை எழுதியது யார் என்று கேட்டார்.

தங்கச்சி என்றேன்.

நீ ஒன்றும் நினைக்காதே. நல்லதுக்குத்தான் எழுதினாய். அம்மாவுக்குச் சொல்லாதே.

அழகன்


நோர்வூட்
16 ஏப்ரல் 2000

அண்ணா,

மூன்று தாள் எழுதிக் கிழித்தேன்.

பதினேழு வயதில் எனக்குப் பல்கலைக்கழகம் போக வேண்டும் என்று தோன்றியதே தோட்டத்துக்கு ஒரு மனு எழுத ஆள் வேண்டும் என்று எல்லாரும் சொன்னதால்தான். எழுதினேன். நல்ல கையெழுத்து என்று கிளாக்கர் கூடப் பாராட்டினார்.

நேற்று வீரய்யா மாமாவிடம் போனேன். விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "அப்ப எரநூறு கையெழுத்தோட இன்னொன்னு அனுப்பிருவோம். நம்ம பய இங்கிலீசும் வாசிப்பான்னு சேத்துக்க" என்றார். மறுபடி முதலிலிருந்து விளக்கினேன். சிங்களம் தெரியாது என்பதுதான் அண்ணனைக் காப்பாற்றும் என்றேன். என்னைக் குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "தெரியாதுங்கறது எப்பம்மா ஒருத்தனக் காப்பாத்தியிருக்கு?"

எழுந்து வந்துவிட்டேன்.

இன்னொன்று. லோயரிடம் வாசிக்க மாட்டேன் என்று சொன்னதாக எழுதியிருந்தீர்கள். வழக்குக்காகச் சொன்ன பொய் என்று முதலில் நினைத்தேன். அந்தப் பொய்க்கு நானும் உடன்படத் தயாராகத்தான் இருந்தேன். ஆனால் நேற்று ஐந்தாம் பகுதி பார்த்தேன்.

கப்பலின் அடித்தட்டில் கண்ணாடிப் பெட்டிகளில் இருநூறு பேர் தூங்குகிறார்கள் இல்லையா. பெரிய தொரை ஒவ்வொரு காலையும் பட்டியலை எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு பெயராக வாசிக்கிறார். அது காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டு மாதிரியே இருக்கிறது என்று நம் ஆட்கள் சிரித்தார்கள். அவர் ஒரு பெயரை வாசித்தால் அந்த ஆள் எழுந்துகொள்வார், ஒரு நாளைக்கு ஒருவர்தான் எழ முடியும், அதுதான் கப்பலின் சட்டம் என்று நீங்கள் சொன்னீர்கள்.

அது அப்படி இல்லை. அவர்கள் எல்லாரும் இறந்துவிட்டார்கள். இரண்டாம் பகுதியிலேயே. பெரிய தொரைக்கு மட்டும் தெரியும். மற்றவர்கள் மனம் உடையக் கூடாது என்று தினமும் போய்ப் பெயர் வாசித்துவிட்டு வருகிறார்.

இரண்டு தரம் போட்டுப் பார்த்தேன். அவர் தெளிவாகவே சொல்கிறார். சிங்களத்தில் மட்டும் வேறாகப் போட்டிருக்க முடியாது.

அண்ணா, உங்களுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியுமா?

வடிவு


சிறைச்சாலை
7 மே 2000

வடிவு,

தெரியாது.

பஸ் போர்டு வாசிப்பேன். ஹட்டன், நோர்வூட், கொழும்பு. அதற்கு மேல் இல்லை.

முதல் சனிக்கிழமை டீவியில் எழுத்து ஓடியது. மாமா திரும்பிப் பார்த்து, "டேய் அழகா, பத்தாவது படிச்சவன்தானே, என்னான்னு சொல்லு" என்றார். காம்பிரா நிறைய ஆட்கள். அம்மா முன்னால் இருந்தாள். தெரியாது என்று சொல்ல வாய் திறந்தேன். வந்தது கதை. கப்டனின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். கோபமாக இருந்தால் கோபம், அழுதால் சாவு. பாதி சரியாகத்தான் இருந்திருக்கும்.

ஒரு தரம் மாட்டிக்கொண்டேன். ஒருத்தனுக்கும் ஒருத்திக்கும் கல்யாணம் செய்து வைத்தேன். அடுத்த சனி அவள் அவனைச் சுட்டுவிட்டாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "குடும்பம்னா அப்பிடித்தான்" என்றேன். அம்மாவே சிரித்தாள்.

அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. ஒபிஸ் கடிதம் வந்தாலும் என்னிடம் கொண்டுவந்தார்கள். பின்பக்கமாகக் கிளாக்கரிடம் ஓடிப் போய்க் கேட்டு வந்து வாசிப்பதுபோலச் சொல்வேன். ஏழு வருடம்.

பெட்டியில் இருந்தவர்கள் செத்துவிட்டார்கள் என்று எனக்குப் பட்டதே இல்லை. பெயர் கூப்பிட்டால் ஆள் வரும். நமக்கு அப்படித்தானே பழக்கம்.

உன்னிடமாவது சொல்லியிருக்கலாம். நீதான் என்னை எல்லாரையும் விட அதிகம் நம்பினாய், அதனால் முடியவில்லை.

அழகன்


நோர்வூட்
28 மே 2000

அண்ணா,

கோபம் இல்லை. இருந்தது. பஸ்ஸிலேயே போய்விட்டது.

அதற்குப் பதிலாக ஒரு யோசனை வந்தது. நீங்கள் சொன்ன கதை எண்பத்து மூன்று பேருக்கும் ஞாபகம் இருக்கிறது. கசட்டில் உள்ள கதை வேறு. வாசிக்கத் தெரிந்தவர் இப்படி மாற்றிச் சொல்ல முடியாது. நாலு பேர் வந்து நீதிமன்றத்தில் அதைச் சொன்னால் போதும். சொல்ல வைக்க வேண்டும் என்றால் முதலில் பார்க்க வைக்க வேண்டும்.

ராசிக் மாமாவிடம் வீடியோ டெக் இரவல் வாங்கினேன். ஹப்ஸாவும் நானும் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் கொண்டுவந்தோம். இப்போது லயத்துக்குக் கரண்டு இருக்கிறது. ஞாயிறு பகல், வெளியே மழை, காம்பிரா நிறைய ஆட்கள். ஐந்தாம் பகுதியைப் போட்டேன். நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னேன். ஒரு வரியும் கூட்டாமல், குறைக்காமல்.

பெரிய தொரை பெயர் வாசிக்கும் இடம் வந்தது. அவர்கள் இறந்துவிட்டார்கள் என்றேன்.

பக்கத்துக் காம்பிரா நாகலெட்சுமி அக்கா, வடிவுக்குச் சரியாகக் கேட்கவில்லை என்றார். இன்னொருவர், இங்கிலீஷ்காரன் கசட்டில் மாற்றிவிட்டான் என்றார். வீரய்யா மாமா எழுந்து டீவியைத் தொட்டுப் பார்த்தார். "இது வேற படம்மா. ஆளுக அதே ஆளுக. படம் வேற."

அண்ணனுக்கு வாசிக்கத் தெரியாது என்று அப்போதுதான் சத்தமாகச் சொன்னேன். அண்ணனே கடிதத்தில் எழுதியிருக்கிறார் என்றேன். அம்மா எழுந்தாள். கொழுந்துக் கூடை தூக்கும்போது இருக்கும் அதே முகம்.

"ஒங்கண்ணன் சொன்னதுல எல்லாரும் எந்திரிச்சாங்க. நீ சொல்றதுல எல்லாரும் செத்துக் கெடக்குறாங்க. இதுக்கா உன்னைப் படிக்க வச்சேன்?"

ஹப்ஸா டெக்கை நிறுத்தினாள்.

ஒருவரும் வரச் சம்மதிக்கவில்லை. உங்களைக் காட்டிக்கொடுக்கச் சொல்கிறேன் என்று நினைக்கிறார்கள். போகும்போது டெக் நனையாமல் இருக்கத் கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் தங்கள் படங்குச் சாக்கைக் கொடுத்தார்கள். இந்த அன்பை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

வடிவு


சிறைச்சாலை
18 ஜூன் 2000

வடிவு,

ஆட்களைக் கஷ்டப்படுத்தாதே. அவர்களுக்கு இனி அந்த டீவியை எப்படிப் பார்க்கத் தோன்றும்.

லோயர் உன்னை மட்டும் சாட்சிக்குப் போடுகிறார். ஜூலை பதினோராம் திகதி. கசட்டைப் பற்றிச் சொன்னேன். "கதையை விட்டிடும் தம்பி. நீதிபதி நாடகம் பாக்கிறேல்லை" என்றார். என் கடிதத்தையும் காட்ட ஏலாதாம். வழக்கு வந்த பிறகு எழுதியது, வழக்குக்காக எழுதியது என்பார்களாம். நீ வந்து, அண்ணனுக்கு வாசிக்கத் தெரியாது, மனுவில் தெரியாமல் எழுதிவிட்டேன் என்று சொன்னால் போதுமாம்.

வரும்போது வெள்ளைச் சேலை கட்டாதே. கூடத்திலிருந்து வழக்குக்கு வரும் யாராவது பார்த்தால் சகுனம் பேசுவார்கள். இவர்களுக்கு நேரம் அதிகம்.

இங்கே நான் இன்னும் கண்ணாடிப் பெட்டிக்காரர்களை எழுப்பிக்கொண்டுதான் இருக்கிறேன். நூற்றுப் பதினான்கு பேர் எழுந்துவிட்டார்கள். இப்போது இவர்களே பெயர் கொடுக்கிறார்கள். நேற்று ஒருவர் தன் தம்பியின் பெயரைச் சொன்னார். எப்படிச் செத்துவிட்டார்கள் என்று சொல்வது?

முடிவை நீ எழுத வேண்டாம். நான் கேட்கிறபோது எழுது.

அழகன்


பேராதனை
16 ஜூலை 2000

அண்ணா,

சாட்சிகளை வெளியே இருக்க வைத்ததால் நீங்கள் சொன்னதை நான் கேட்கவில்லை. நான் சொன்னதை நீங்கள் கேட்டீர்கள். ஆகவே அதை எழுத வேண்டியதில்லை. ஆனாலும் எழுதினால்தான் எனக்கு அது முடியும்.

மனுவில் உள்ள கையெழுத்து என்னுடையதா என்றார் அரச சட்டத்தரணி. ஆம் என்றேன். அப்போது எழுதியது பொய்யா, இப்போது சொல்வது பொய்யா என்றார். அப்போது எனக்குத் தெரியாது என்றேன். ஒரே காம்பிராவில் வளர்ந்த அண்ணனுக்கு வாசிக்கத் தெரியுமா என்று தெரியாதா? தெரியாது. நீங்கள் பல்கலைக்கழக மாணவியா? ஆம். அவர் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கசட்டைப் பற்றிச் சொல்லியிருப்பேன். லோயர் வேண்டாம் என்றிருந்தாலும். கேட்காததால் இறங்கினேன்.

வெளியே வந்தால் வாங்கில் உட்கார்ந்திருக்கிறார் வீரய்யா மாமா. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பையில் பேனை. மனுவில் முதல் கையெழுத்து அவருடையது என்பதால் அரச தரப்பு அவருக்கு அழைப்பாணை அனுப்பியிருந்தது. அதை மரியாதை என்று நினைத்திருக்கிறார். நோர்வூட்டிலிருந்து விடியற்காலை பஸ்ஸில் வந்திருக்கிறார். என்னைக் கண்டதும் தலையில் கை வைத்தார். "பயப்படாத. நான் சொல்றேன் பாரு."

நான் அவர் கையைப் பிடித்தேன். மாமா, தெரியாது என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன். கோட்டில் பொய் சொல்லச் சொல்லாதே என்றார், கோபமில்லாமல். பெயரைக் கூப்பிட்டார்கள். கதவு திறந்துதான் இருந்தது. எனக்கு எல்லாமே கேட்டது.

"நல்லா வாசிப்பாங்க ஐயா. எங்க எல்லாருக்கும் வாசிச்சுச் சொன்னது அந்தப் புள்ளதான்."

அதைச் சிங்களத்தில் மொழிபெயர்த்தார்கள். மாமா வெளியே வந்து எனக்கும் தனக்கும் டீ வாங்கினார். குடித்தேன்.

வடிவு


சிறைச்சாலை
6 ஆகஸ்ட் 2000

வடிவு,

நீதிமன்றக் கட்டளை வந்துவிட்டது. வாக்குமூலத்தை ஏற்றுக்கொண்டார்கள். இனி வழக்கு விளக்கம் நடக்கும். ஆனால் மிச்சமெல்லாம் சடங்குதான் என்கிறார் லோயர். எத்தனை வருடம் என்று கேட்டேன். சொல்லவில்லை.

உன்னாலும் இல்லை, மாமாவாலும் இல்லை. நீ வெளியே இருந்தபோது நடந்ததை உன்னிடம் சொல்ல வேண்டும். கையெழுத்துப் போடுமுன் ஒரு அதிகாரி உன்னிடம் ஏதும் கேட்டாரா என்று அரச சட்டத்தரணி கேட்டார். கேட்டார் என்றேன். என்ன கேட்டார்? வாசிக்கத் தெரியுமா என்று கேட்டார். நீ என்ன சொன்னாய்?

சத்தியம் செய்திருந்தேன். தெரியும் என்று சொன்னேன் என்றேன்.

அதுதான் நடந்தது, வடிவு. அந்த அறையில் ஆறு பேர் நின்றார்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அடித்தது கூட அதற்கு முதல் நாள்தான், அன்று யாரும் அடிக்கவில்லை. வாசிக்கத் தெரியுமா என்றார். தெரியும் என்று தலையாட்டினேன். தாளைக் கொடுத்தார். கண்ணை இடமிருந்து வலமாக ஓட்டினேன். பக்கத்தைத் திருப்பினேன். எந்த இடத்தில் திருப்ப வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஏழு வருடப் பழக்கம்.

லோயரிடம் இதை முன்பே சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது.

கூடத்தில் கேட்கிறார்கள், அந்தத் தாளில் என்னதான் எழுதியிருக்கிறது என்று. எனக்குத் தெரியாது. நான் எங்கே போனதாக, யாரோடு போனதாக எழுதியிருக்கிறார்கள் என்று எனக்கே தெரியாது. முதல் தடவையாகக் கதை சொல்ல வரவில்லை.

இப்போது கேட்கிறேன். கப்பல் படம் எப்படி முடிகிறது?

அழகன்


பேராதனை
20 ஆகஸ்ட் 2000

அண்ணா,

அது முடிவதில்லை.

பெரிய தொரைக்குக் காய்ச்சல். படுத்துவிடுகிறார். காலையில் கண்டாக்கம்மா பட்டியலை எடுத்துக்கொண்டு கீழே போகிறாள். பெட்டிகளைப் பார்க்கிறாள். நாலாம் பருவம் முழுக்க அவளுக்கும் தெரிந்திருக்கிறது என்பது அப்போதுதான் நமக்குத் தெரிகிறது. பெயர்களை வாசிக்கிறாள். வாசிக்கும்போது ஒவ்வொருவராக மற்றவர்களும் இறங்கி வருகிறார்கள். யாருக்கும் அதிர்ச்சி இல்லை. யாரும் யாரிடமும் கேட்கவில்லை. எழுபத்தாறாவது பெயரில் படம் நிற்கிறது. அதற்குப் பிறகு நடித்தவர்களின் பெயர்கள் ஓடுகின்றன. கப்பல் எங்கும் போய்ச் சேரவில்லை. காட்டியதெல்லாம் இவ்வளவுதான், நான் எதையும் விடவில்லை.

இதைக் கூடத்தில் எப்படிச் சொல்வீர்கள் என்பது உங்கள் விருப்பம். நூற்றுப் பதினான்கு பேரைத் திரும்பப் படுக்க வைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். கண்ணை இடமிருந்து வலமாக ஓட்டியதாக எழுதிய இடத்தில் ஒவ்வொரு முறையும் நிறுத்த வேண்டியிருந்தது. நான் அருகில் இருந்திருந்தால் நீங்கள் வாசிக்கிறீர்கள் என்றுதான் நானும் நம்பியிருப்பேன்.

அம்மாவிடம் கட்டளையைச் சொன்னேன். கேட்டுவிட்டு, மழைக்கு முன் விறகு எடுத்து வைக்க வேண்டும் என்றாள். இருவரும் எடுத்து வைத்தோம். வேலை முடிந்த பிறகும் அங்கேயே நின்றாள்.

வெள்ளிக்கிழமை பரமலிங்கம் ஐயாவிடம் போனேன். இனி என்ன செய்யலாம் என்று கேட்டேன். "பிள்ளை, நான் உங்களுக்கு என்னத்தைச் சொல்ல" என்றார். வாக்குமூலத்தின் பிரதி கேட்டேன். எதற்கு என்றார். காரணம் சொல்லத் தெரியவில்லை. கொடுத்தார்.

பதினொரு பக்கம். அடியில் எல்லாவற்றிலும் உங்கள் கையெழுத்து, தமிழில்.

ஹப்ஸா பள்ளியில் சிங்களம் படித்தவள். இன்று மத்தியானம் முதல் பக்கத்தை அவள் வாசித்தாள், நான் தமிழில் எழுதினேன். அதை இத்துடன் வைத்து, கடிதத்தை ஒட்டி, நாளைக் காலைத் தபாலில் சேர்ப்பேன்.

வடிவு